முல்லையும் மிளகும் ஒரே வகுப்பில்: பூக்கும் தாவர வகைப்பாட்டு முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் தாவரவியல் படிக்கும் மாணவர்களும் ஏற்காட்டுக்குச் செடி பார்க்க ஏறிவருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளைப் பாடநூலிலிருந்து எடுக்காமல், வ.உ.சி. பூ மார்க்கெட்டிலும் வயல் வரப்புகளிலும் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களிலும் கண்ணில் படும் செடிகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இந்தப் பாடம் விளங்கும்.

டிஎன்ஏ காலத்தில் பழைய வகைப்பாட்டு முறைகளை எதற்காகப் படிக்க வேண்டும்?

சேர்வராயன் மலையில் பெயர் தெரியாத செடி ஒன்றைப் பார்த்துவிட்டு அதை அடையாளம் காண முயல்பவர், இன்றும் ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டியாக வேண்டும். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த நூல் அது. 1925இல் கேம்பிள் மறைந்த பிறகு சி.இ.சி. ஃபிஷர் அதை முடித்தார். அதில் குடும்பங்கள் அடுக்கப்பட்டிருப்பது பெந்தம், ஹூக்கர் என்ற 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் இருவர் வகுத்த பெந்தம்–ஹூக்கர் வரிசையில். நம் நாட்டின் ஹெர்பேரியங்கள் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடங்கள்) பலவற்றின் அலமாரிகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. புதிய முறையை மட்டும் படித்தவர் எருக்கை அரளியின் குடும்பத்தில் தேடுவார். கேம்பிளில் அது வேறு குடும்பம். நெல்லிக்காயை பில்லாந்தேசியில் தேடுவார். அங்கே அது யூஃபோர்பியேசியில் இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. செடியின் எந்த உறுப்பை நம்பி உறவைச் சொல்வது என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு காலத்தவரும் சொன்ன பதில்களே இந்த முறைகள். தண்டை நம்பியவர்கள் இருந்தார்கள், கனியை நம்பியவர்கள் இருந்தார்கள், பூவின் ஆண் உறுப்பான மகரந்தத் தாளை நம்பியவர் ஒருவர். இப்போது மரபணுவை நம்புகிறோம். அந்தப் பதில்களை வரிசையாகப் பார்க்காதவருக்கு இன்றைய முறை வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் தெரியும்.

தொல்காப்பியத்தில் தாவர வகைப்பாடு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இருக்கிறது. அதன் மரபியல் என்னும் இயலில் வரும் வரிகள் இவை:

புறக்கா ழனவே புல்லென மொழிப
அகக்கா ழனவே மரமென மொழிப

காழ் என்றால் வைரம், அதாவது தண்டின் கடினப் பகுதி. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்தான். வெட்டிக் கிடக்கும் பனையின் குறுக்குவெட்டைப் பாருங்கள். ஓரத்தில் கறுத்த, கோடரியே திணறும் கடினம். நடுவில் மெத்தென்ற நார்ச்சோறு. வேம்பிலும் தேக்கிலும் இது தலைகீழ்: வெளியே வெளுத்த மென்கட்டை, உள்ளே சிவந்த வைரம். பனையில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறி, ஓரத்தை நெருங்க நெருங்க அடர்த்தியாகின்றன. வேம்பிலோ அவை வளையமாக அமைந்து ஆண்டுதோறும் புதுக் கட்டையைச் சேர்க்கின்றன. விதைக்குள் ஓர் இலை கொண்ட ஒருவிதையிலைத் தாவரங்களையும் இரண்டு கொண்ட இருவிதையிலைத் தாவரங்களையும் பிரிக்க இன்றும் தேர்வில் எழுதும் வேறுபாடுகளில் இது ஒன்று.

ஆனால், ஒருவிதையிலைப் பிரிவைத் தொல்காப்பியர் கண்டுபிடித்தார் என்று மேடையில் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த நூற்பாக்கள் விதையிலையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்து வரும் நூற்பாக்கள், ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்கள் புல்லுக்கு உரியவை, இலை, தளிர், பூ, அரும்பு போன்றவை மரத்துக்கு உரியவை என்று வரையறுக்கின்றன. சொல்வழக்கைச் சொல்ல வந்த நூல் அது. வழக்கைச் சொல்ல வந்த இடத்தில் இத்தனை துல்லியமாகத் தண்டைப் பார்த்திருக்கிறார்களே, அந்தக் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல ஒன்றும் தேவையில்லை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அது வியப்பான பட்டியல், வகைப்பாடு அல்ல.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸுக்கு முன்னால் மேற்கில் யார் யார்?

கிரேக்கத்தின் தியோஃபிராஸ்டஸ் செடிகளை மரம், புதர், குறும்புதர், சிறுசெடி என்று பிரித்தார். வளரும் உருவத்தை நம்பிய முறை. இத்தாலியின் செசால்பினோ 1583இல் கனியையும் விதையையும் நம்பினார். இங்கிலாந்தின் ஜான் ரே 1682இல் விதையிலைகளின் எண்ணிக்கைக்கு முக்கியத்துவம் கொடுத்தார். ஒருவிதையிலை, இருவிதையிலை என்ற பிரிப்பு வலுப்பெற்றது அவரால்தான். பிரான்சின் டூர்னஃபோர் 1694இல் அல்லி இதழ்களை நம்பினார், நெருங்கிய சிற்றினங்களைச் சேர்க்கும் பேரினம் என்ற அலகுக்குத் தெளிவான வரையறை கொடுத்தார்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போகும் நூல் ஒன்று உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு முன்னின்று உருவாக்கி, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான மலபார்த் தாவர நூல். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவு அதன் அடித்தளம். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை; நம் செடிகள் பலவற்றை அவர் அறிந்துகொண்டது அந்த நூலின் படங்களைப் பார்த்துத்தான்.

லின்னேயஸின் 24 வகுப்புகள் எப்படி வேலை செய்கின்றன?

1735இல் வெளியான முறை. மகரந்தத் தாள்களை எண்ணுங்கள், வகுப்பு கிடைத்துவிடும். பெண் உறுப்பின் சூல்தண்டுகளை எண்ணுங்கள், அதற்குள் துறை என்ற உட்பிரிவு கிடைத்துவிடும். முதல் 10 வகுப்புகள் ஒன்று முதல் பத்து வரை தாள் கொண்டவை. அடுத்த 3 வகுப்புகள் அதற்கும் மேற்பட்டவை. பிறகு தாள்களின் நீள வேறுபாடு, அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் விதம், ஆண்பூ பெண்பூ தனித்தனியாக இருப்பது என்று போய், 24ஆம் வகுப்பு பூவே இல்லாத பெரணி, பாசி, காளான்களுக்கு.

நம் பூக்களைக் கொண்டு போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் பயிரின் பூக்கொத்தில் மடல்களுக்கு நடுவே எட்டிப்பார்க்கும் மஞ்சள் நிறப் பகுதி இதழ் போலத் தோன்றினாலும், அது உருமாறிய தாள்களால் ஆனது. வேலை செய்யும் தாள் ஒன்றே ஒன்று. எனவே மஞ்சள் முதல் வகுப்பு. முல்லையின் குழாயை நகத்தால் கீறினால் உட்சுவரில் ஒட்டியபடி இரண்டு தாள்கள்: இரண்டாம் வகுப்பு. புளியம்பூவில் மூன்று, இட்லிப் பூவில் நான்கு, காபிப் பூவில் ஐந்து, நெல்லில் ஆறு, ஆவாரையில் பத்து. செம்பருத்தியில் தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருப்பதால் அது 16ஆம் வகுப்பு. எண்ணத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

சிக்கலும் இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. மிளகையும் அவர் இரண்டாம் வகுப்பில் வைத்தார். முல்லைக்கும் மிளகுக்கும் வேறு என்ன ஒற்றுமை? ஐந்து தாள் என்பதற்காகக் காபியும் மாமரமும் கத்தரியும் மிளகாயும் ஒரே வகுப்பில் சேர்ந்தன. அதிலும் மாம்பூவில் மகரந்தம் தரும் தாள் பெரும்பாலும் ஒன்றுதான், மற்றவை குறுகிப்போனவை.

சேராதவை சேர்ந்ததைவிட, சேர வேண்டியவை பிரிந்ததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. காய்த்து நெற்றாகும் செடிகளைப் பாருங்கள். மூன்று தாள் கொண்ட புளி மூன்றாம் வகுப்புக்குப் போனது. ஆவாரை பத்தாம் வகுப்புக்கு. அவரையின் பத்துத் தாள்களில் ஒன்பது ஒட்டி ஒன்று தனித்து நிற்பதால் அது 17ஆம் வகுப்புக்கு. ஏராளமான தாள்கள் கொண்ட கருவேலம் இன்னொரு வகுப்புக்கு. தானியங்களின் கதி இன்னும் மோசம். ராகி மூன்றாம் வகுப்பு, நெல் ஆறாம் வகுப்பு, மக்காச்சோளம் 21, சோளம் 23. இவை நான்கும் ஒரே புல்லினம் என்று சேலத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

அடுக்குப் பூக்களிடமும் இந்த முறை தோற்றுப்போகும். தோட்டத்து ரோஜாவில் தாள்களில் பல இதழாக மாறியிருக்கும். எதை எண்ணுவது?

இத்தனை குறை இருந்தும் அது எப்படி உலகம் முழுவதும் பரவியது?

லின்னேயஸின் காலத்தில் கப்பல் கப்பலாகப் புதுச் செடிகள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. உறவு தெரிகிறதோ இல்லையோ, ஒவ்வொன்றையும் வைக்க ஓர் இடம் உடனே வேண்டியிருந்தது. அதை இந்த முறை தந்தது. இது செயற்கையானது என்று லின்னேயஸுக்கே தெரியும். இயற்கையான வரிசை ஒன்றின் துண்டுகளை 1738இலேயே அவர் வெளியிட்டிருக்கிறார்.

நம் கரைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் லின்னேயஸிடமே படித்த யோஹான் கோனிக். 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தார். அவரோடு பழகிக் கற்ற ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் வெளியான இந்தியத் தாவர நூலும் லின்னேயஸ் வகுப்புகளில்தான் அமைந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லின்னேயஸின் 24 வகுப்புகள் மறைந்துவிட்டன. 1753இல் சுமார் 5,900 சிற்றினங்களுக்கு அவர் கொடுத்த இருசொல் பெயர் முறை மறையவில்லை. தாவரப் பெயர்களின் முன்னுரிமை இன்றும் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. காபிச் செடியின் ‘காஃபியா அராபிகா’ என்ற பெயர் அந்த நூலில் வைத்ததுதான்.

செயற்கை முறைக்கும் இயற்கை முறைக்கும் என்ன வேறுபாடு?

முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு பண்புகளை மட்டும் வைத்துப் பிரிப்பது செயற்கை முறை. செடியின் எல்லாப் பகுதிகளையும் பார்த்து, ஒற்றுமை மிகுந்தவற்றைச் சேர்ப்பது இயற்கை முறை.

ஏற்காட்டில் கோடையின் முதல் மழை விழுந்து சில நாள்களில் காபி பூக்கும். வெள்ளைக் குழாய்ப் பூ, ஐந்து மடல், ஐந்து தாள். பக்கத்து வீட்டு வாசலில் இட்லிப் பூ, நான்கு மடல், நான்கு தாள். லின்னேயஸ் இவற்றை வேறு வேறு வகுப்புகளில் வைத்தார். இப்போது பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும். எதிரெதிர் இலைக் காம்புகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி, முக்கோணமாக ஒரு சின்னச் செதில் இருக்கும். அதுதான் இலையடிச் செதில். விதைகள் உருவாகும் சூற்பை இரண்டிலும் இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது ருபியேசி குடும்பம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். நுணா மரத்திலும் இதே அடையாளங்கள். ஒரு தாள் கூடுவதும் குறைவதும் இங்கே பொருட்டே இல்லை. இயற்கை முறையின் வலிமையை மாணவர்களுக்குக் காட்ட இந்தச் செதிலைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிரான்சின் மிஷேல் அடான்சன் 1763இல் எல்லாப் பண்புகளையும் கணக்கில் எடுத்து 58 குடும்பங்களை அமைத்தார். அந்துவான் லொரான் தெ ஜுஸ்ஸியூ, பண்புகள் எல்லாம் சமமல்ல, எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி 1789இல் 100 குடும்பங்களை வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டு. அவர் வகுத்த குடும்பங்களில் பல இன்றும் நிலைத்திருக்கின்றன. அடுத்து வந்த தெ காண்டோல் தொடங்கிய 17 தொகுதி நூல் 1824 முதல் 1873 வரை வந்தது.

இயற்கை முறை தென்னிந்தியாவுக்கு எப்போது வந்தது?

ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரோடு. அவரும் வாக்கர்–ஆர்னாட்டும் சேர்ந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூல் இயற்கை முறையில் அமைந்தது. பிறகு 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட படத்தொகுப்பில் 2,101 படத்தகடுகள் உண்டு.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். இயற்கை முறைக்குச் சூற்பையின் உள்ளறை, சூல் ஒட்டியிருக்கும் விதம், விதைக்குள் கருவின் வடிவம் எல்லாம் தெரிய வேண்டும். உருப்பெருக்கியின் கீழ் வெட்டிவைத்த கடுகளவு உறுப்பைத் துல்லியமாகக் காகிதத்தில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டு வைட் நன்றி சொன்னார். நம் பாடநூல்களில் வைட்டின் பெயர் வரும் இடத்தில் இந்த இருவர் பெயரும் வர வேண்டும்.

பெந்தம்–ஹூக்கர் முறையை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. ஜார்ஜ் பெந்தம், ஜோசப் டால்டன் ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை 3 தொகுதிகளாக இலத்தீனில் எழுதியது இது. 202 குடும்பங்கள், 7,569 பேரினங்கள், 97,205 சிற்றினங்கள் என்ற எண்களை எல்லோரும் உருப்போடுகிறார்கள். அந்த எண்களைவிட முக்கியமான செய்தி, பேரினங்களின் விளக்கங்களை அவர்கள் முந்தைய நூல்களிலிருந்து நகலெடுக்காமல், இயன்றவரை லண்டனின் கியூ தோட்டத்துச் செடிகளையும் உலர்மாதிரிகளையும் நேரில் பார்த்து எழுதினார்கள் என்பது. அதனால்தான் கள வேலைக்கு இன்றும் அது உதவுகிறது.

பூ மார்க்கெட்டுக்குப் போய் நான்கைந்து பூ வாங்கிக்கொள்ளுங்கள். ரோஜாவின் இதழை இழுங்கள். ஒவ்வொன்றாகத் தனியே வரும். அது பாலிபெட்டாலே, அதாவது அல்லி (இதழ்) இணையாதவை. அரளியை இழுங்கள், பனமரத்துப்பட்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறதே, அதே அரளி. பூ முழுசாக ஒரே துண்டாகக் கழன்று கையோடு வரும். முல்லையும் அப்படியே. அவை கேமோபெட்டாலே, அல்லி இணைந்தவை. அடுத்து மிளகுச் சரத்தைப் பாருங்கள். இதழ் என்று எதுவுமே இல்லை. சந்தனப் பூவில் ஒரே ஒரு சுற்று. உள்ளே அல்லி, வெளியே புல்லி என இரண்டு சுற்று இல்லாத இவை மோனோகிளாமிடியே. இருவிதையிலைத் தாவரங்களின் மூன்று வகுப்புகளும் இதோடு முடிந்தன.

இனி வரிசைகள். அல்லி இணையாதவற்றில், பூத்தளத்தில் எல்லா உறுப்பும் கீழிருந்து மேலாக அமர்ந்திருந்தால் தாலமிஃப்ளோரே: தாமரை, செம்பருத்தி, சீத்தா. சூற்பையைச் சுற்றித் தேன் சுரக்கும் தட்டு இருந்தால் டிஸ்சிஃப்ளோரே: மா, வேம்பு, எலுமிச்சை. தளம் கிண்ணமாகி, அதன் விளிம்பில் இதழ்கள் நின்றால் கேலிசிஃப்ளோரே: ரோஜா, அவரை, ஆவாரை. இணைந்தவற்றில் சூற்பை கீழே இருந்தால் இன்ஃபெரே: காபி, இட்லிப் பூ, செவ்வந்தி. சூற்பை மேலே, அதை உருவாக்கும் சூலக இலைகள் இரண்டு என்றால் பைகார்ப்பெல்லேட்டே: மல்லி, அரளி, எருக்கு, கனகாம்பரம், குறிஞ்சி, துளசி, கத்தரி. சூற்பை மேலேயே இருந்து சூலக இலைகள் இரண்டுக்கு மேற்பட்டால் ஹெட்டரோமெரே: இலுப்பையும் மகிழமும் அங்கே.

செவ்வந்தியிடம் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். நாம் ஒரு பூ என்று கட்டுவது பல பூக்கள் நெருங்கிய தலை மஞ்சரி. ‘இதழ்’ ஒன்றைப் பிடுங்கினால் அதன் அடியில் ஒரு சின்னச் சூற்பையும் அதிலிருந்து எழும் இரட்டைப் பிளவுச் சூல்முடியும் இருக்கும். பிடுங்கியது ஒரு முழுப் பூ.

பெந்தம்–ஹூக்கர் முறையின் குறைகள் என்ன?

தேர்வில் எல்லோரும் எழுதுவது, விதை மூடப்படாத தாவரங்களை இருவிதையிலைக்கும் ஒருவிதையிலைக்கும் நடுவே வைத்துவிட்டார்கள் என்பது. சரியான குறைதான். ஆனால் கனமான குறை மோனோகிளாமிடியே. இதழ் இல்லாமல் போவது வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாக நடக்கக்கூடியது. ‘இல்லை’ என்பதை வைத்துச் சேர்த்ததால் மிளகு, சந்தனம், சில்வர் ஓக், பலா, ஆமணக்கு, சேலத்தின் சவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் மரவள்ளி எல்லாம் ஒரே இடத்தில் அடைபட்டன.

டார்வினின் நூல் 1859இல் வந்துவிட்டது. ஹூக்கர் டார்வினின் நெருங்கிய நண்பர். ஆனாலும் இந்த முறை பரிணாம வரிசையில் அடுக்கப்படவில்லை. உருவ ஒற்றுமையை நம்பிய கடைசிப் பெரிய முறை இது.

எங்ளர், பெஸ்ஸி, ஹட்சின்சன், கிரான்குவிஸ்ட்: இவர்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி, எந்தப் பூ பழமையானது என்பது. ஜெர்மனியின் எங்ளரும் பிராண்டலும் 1887 முதல் வெளியிட்ட பெருந்தொகுப்பு, இதழ் இல்லாத எளிய பூக்களை முதலில் வைத்தது. அமெரிக்காவின் பெஸ்ஸி 1915இல் அதை மறுத்தார். எளிமை என்பது குறைந்துபோனதாலும் வரலாம். செண்பகம் போல ஏராளமான உறுப்புகள் சுருள்வரிசையில் அமைந்த பூவே பழமையானது என்றார். ஹட்சின்சன் 1926இல் இருவிதையிலைத் தாவரங்களை மரத்தன்மை உடையவை, சிறுசெடிகள் என்று அடியிலேயே இரண்டாகப் பிளந்தார். தியோஃபிராஸ்டஸ் நம்பிய அதே உருவத்துக்குத் திரும்பிய இந்தப் பிளவு நிலைக்கவில்லை. தக்தஜானும் கிரான்குவிஸ்டும் பெஸ்ஸியின் வழியில் நடந்தார்கள். கிரான்குவிஸ்டின் 1981ஆம் ஆண்டு நூல், டிஎன்ஏ வருவதற்கு முன் மிகப் பரவலாகப் பயன்பட்ட முறைகளுள் ஒன்று.

ஏபிஜி முறை எதை மாற்றியது?

1993இல் 42 ஆய்வாளர்கள் சேர்ந்து, 499 விதைத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பில்) உள்ள ஒரே மரபணுவின் வரிசையை ஒப்பிட்டு ஒரு வம்ச மரத்தை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1998இல் ‘ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்’, சுருக்கமாக ஏபிஜி, தன் முதல் வகைப்பாட்டை அறிவித்தது. 2003, 2009, 2016இல் திருத்தங்கள் வந்தன. 2016ஆம் ஆண்டு வடிவத்தில் 64 துறைகளும் 416 குடும்பங்களும் உள்ளன. தனி மனிதர் பெயரைத் தாங்காமல் ஒரு குழுவின் பெயரில் நிற்கும் முறை இது.

முதல் பெரிய மாற்றம், ‘இருவிதையிலை’ என்ற ஒரே குழு உடைந்தது. செண்பகம், சீத்தா, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவை தனிக் கிளை. இவற்றின் மகரந்தத் தூளில் ஒருவிதையிலைத் தாவரங்களைப் போலப் பொதுவாக ஒரே ஒரு துளைதான். ரோஜா, மல்லி, ஆவாரை போன்ற பெருங்கூட்டத்தில் அடிப்படை அமைப்பு மூன்று துளைகள். உண்மை இருவிதையிலைகள் என்று இப்போது சொல்வது அவற்றைத்தான்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பெந்தம்–ஹூக்கருக்கு இரண்டும் மோனோகிளாமிடியே. ஏபிஜியில் மிளகின் உறவு செண்பகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கின் உறவு, நம்பக் கடினமாக இருக்கும், தாமரை. இரண்டும் புரோட்டியேல்ஸ் என்ற ஒரே துறை. சீப்புப் போல ஒருபக்கமாக அடுக்கிய, ஆரஞ்சு நிறம் கலந்த மஞ்சள் பூங்கொத்து ஒன்று. குளத்தில் விரியும் பெரும்பூ மற்றொன்று. எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் பூவையும் இலையையும் பார்த்தும் இந்த உறவைச் சொல்லவில்லை. தாமரையோடு நெடுங்காலம் சேர்த்துவைக்கப்பட்ட, குளத்தில் பூக்கும் அல்லிச் செடியோ வம்ச மரத்தின் அடிப்பகுதியில் வேறொரு பழங்கிளையில் நிற்கிறது. உருவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

சில மாற்றங்கள் நாட்டார் கண்ணுக்குப் புதிதாகவே இருக்காது. ஒடித்தால் பால் வடியும் அரளியும் எருக்கும் ஒரே குடும்பமாகிவிட்டன. வேறு சில நம் பூக்கடைக்கே செய்தி: மாலைக்குக் கட்டும் சம்பங்கி இப்போது ரயில் கற்றாழையின் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

பெயர்களை ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். பழைய பெயர் ஒன்று ஏற்கெனவே இருந்தது தெரியவந்தால், முந்தியதற்கே உரிமை. மற்றது, உறவு பற்றிய புரிதல் மாறினால் பேரினம் மாறும். சேர்வராயன் மலைக்கே உரிய ஒரு மரத்துக்கு கேம்பிள் ‘வெர்னோனியா ஷெவராயென்சிஸ்’ என்று மலையின் பெயரையே வைத்தார். செவ்வந்தியின் குடும்பத்தில் மரமாக வளர்பவை குறைவு. அந்தக் குறைவில் ஒன்று நம் மலையில் மட்டும். வெர்னோனியா என்ற பெரும் பேரினம் உடைக்கப்பட்டபோது இது ‘மோனோசிஸ்’ பேரினத்துக்குப் போனது. ‘ஷெவராயென்சிஸ்’ மாறவில்லை. பழைய நூலில் தேடும்போது இந்தப் பின்பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் எந்த முறையை எழுதுவது?

கேள்வி எந்த முறையைக் கேட்கிறதோ அதை, அதன் சொற்களிலேயே. பெந்தம்–ஹூக்கர் கேட்டால் அதில் இல்லாத பில்லாந்தேசியைக் கொண்டுவந்து கலக்காதீர்கள்.

ஏற்காட்டில் எங்கே தொடங்கலாம்?

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் நிறுவிய தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் தொடங்குங்கள். ஆர்க்கிட் பூவின் நடுவே தாளும் சூல்தண்டும் ஒன்றாகி ஒற்றைத் தூணாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் லின்னேயஸ் 20ஆம் வகுப்பை அவற்றுக்குக் கொடுத்தார். பெந்தம்–ஹூக்கர் அவற்றை ஒருவிதையிலைகளின் முதல் வரிசையிலும், ஏபிஜி வெங்காயமும் சம்பங்கியும் இருக்கும் துறையிலும் வைக்கின்றன.

அடையாளம் காண கேம்பிளோடு, திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே.எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டின் ‘கர்நாடிக்’ பகுதியின் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவர நூலையும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை அதன் எல்லைக்குள் வருகிறது, படத்தொகுதிகளும் உண்டு.

எஸ்டேட்டுகள் தனியார் நிலம், காப்புக்காடு வனத்துறையுடையது. அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் பூக்களே ஆரம்பத்துக்குப் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு பிளேடு, குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். பூவை நெடுக்காக வெட்டிச் சூற்பை மேலா கீழா என்று முதலில் எழுதுங்கள். தாள்களின் எண்ணிக்கை, இதழ் இணைந்ததா இல்லையா, ஒடித்தால் பால் வருகிறதா, இலைக் காம்புகளுக்கு நடுவே செதில் உண்டா என்பதை எல்லாம் அங்கேயே குறித்துவிடுங்கள். பாலும் நிறமும் வாடிய பிறகு தெரியாது.